சிலிண்டருக்குப் படகின் உள்ளே இடம் வேண்டாம்

நான் படகு எலக்ட்ரீசியன். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை உள்ள ஊர்களின் ஆழ்கடல் போட்டுகளில் வயரிங் பார்க்கிறேன். அழைப்பு வந்தால் கொச்சி போல்காட்டி மரினா என்னும் படகுத்துறையில் நிற்கும் பாய்மரப் படகுகளுக்கும் போவேன். இரண்டிலும் ஆட்கள் வாரக்கணக்கில் படகிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்குகிறார்கள். சமையல் கேஸ் சிலிண்டர் இருக்கும் இடம்தான் வேறு.

முறையாகக் கட்டிய பாய்மரப் படகில் சிலிண்டருக்கென்று மேல்தளத்தில் தனிப் பெட்டி உண்டு. பெட்டியிலிருந்து படகின் உள்ளே கேஸ் போக வழியே இருக்காது. பெட்டியின் அடியில் ஒரு துளை, அதிலிருந்து கடல் பக்கம் ஒரு குழாய். கசிந்தால் கேஸ் வெளியே போய்விடும். நம் போட்டுகள் பலவற்றில் சிலிண்டர் அடுப்பை ஒட்டியே நிற்கிறது. அதற்குக் கீழே எஞ்சின் ரூம்.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு, ஜன்னலைத் திறந்து வெளியேற்றலாம். தண்ணீர் புகாதபடி கட்டிய படகின் அடிப்பகுதியில் அதற்கு வழியில்லை. குடத்தில் ஊற்றிய தண்ணீர்போல அங்கேயே தங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். தீக்குச்சி கூட வேண்டாம். விடியற்காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது மோட்டாரில் வரும் பொறி போதும். அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்பு, தண்ணீர் ஏறி மிதவை சுவிட்சு உயர்ந்தால் ஆளில்லாத நேரத்திலும் தானாக ஓடும், அதுவும் பொறி தரலாம். அதை வைத்துக் கொடுப்பதே என்னைப் போன்றவர்கள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

“வாசம் வந்தா தெரியாதா தம்பி?” என்று போட்டை ஓட்டும் ஒரு ஸ்ராங்கு அண்ணன் கேட்டார். டீசலும் மீனும் நாறும் இடத்தில் அந்த வாசம் அமுங்கிப் போகும். கொஞ்ச நேரத்தில் மூக்கும் பழகிவிடும். கேஸ் அலாரம் வைப்பதானால் தரைக்குப் பக்கத்தில் வையுங்கள், கூரையில் வேண்டாம்.

ரெகுலேட்டரின் வாயை விரலால் தடவிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும், ஸ்பிரிங் இறுகியிருக்கும். டியூபை வளைத்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். அப்படித் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாக வரும். சமையல் முடிந்ததும் அடுப்பை மட்டும் அணைத்தால் போதாது, சிலிண்டரையும் மூட வேண்டும். சிலிண்டரைப் படுக்க வைக்கவே கூடாது. கேஸ் திரவமாகவே அடுப்புக்கு வந்துவிடும்.

வாசம் வந்துவிட்டால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். லைட், ஃபேன், பம்பு எதுவும் வேண்டாம். போட வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை அடைத்து, படகின் தள மூடிகளையெல்லாம் திறந்து, தூங்குபவர்களை எழுப்பி மேல்தளத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சிலிண்டரை வெளியே வைத்தால் துருப்பிடிக்கும், அலையில் உருளும் என்கிறார்கள். நிழல் விழும்படி மூடி போட்ட பெட்டியும் இரண்டு பெல்ட்டும் இருந்தால் அது தீரும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டு கரையேறி நிற்கும்போது, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே தச்சரிடம் இந்தப் பெட்டியைச் சொல்லிவிடுங்கள்.