காற்று தீர்ந்த குப்பை

காய்கறித் தோலைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டால் அது எங்கேயோ போய் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். தோல் ஒழுங்காக மக்கக் காற்று வேண்டும். குப்பைக் கிடங்கில் அதுதான் இல்லை.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே, பழைய நகரங்களைத் தோண்டுவதுபோலக் குப்பைக் கிடங்குகளையும் தோண்டிப் பார்த்தவர். பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த செய்தித்தாள்கள், எழுத்துகூட அழியாமல் கிடைத்தன. குப்பையை நசுக்கி மண்ணால் மூடியதும் உள்ளிருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. அப்புறம் ஈரமான உணவுக் கழிவை, ஆக்சிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அப்போது வருவது மீத்தேன். கிடங்கு வாயுவில் ஏறக்குறையப் பாதி அதுதான். 20 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 80 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது.

வீட்டில் உரம் செய்யும் தொட்டியிலும் இதே தவறு நடக்கலாம். என் முதல் தொட்டி நாறியது. ஈரக் கழிவை மட்டுமே போட்டு வந்தேன். இடுக்குகளிலெல்லாம் தண்ணீர் நிறைந்து, காற்றுக்கு வழியில்லாமல் போயிருந்தது. காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் கலந்ததும் சில நாளில் நாற்றம் போனது. அவை இடைவெளி தருகின்றன, கார்பனும் தருகின்றன. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நுண்ணுயிர்களுக்குத் தோதான தீனி. சமையலறைக் கழிவில் நைட்ரஜன் அதிகம். மிஞ்சுவது அமோனியாவாக மூக்கில் ஏறும்.

ஈரப்பதம் பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழிவேன். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் கொஞ்சம் இலை.

பெரிய குவியலாக இருந்தால் உள்ளே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; கிளறினால் ஆவி பறக்கும். நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கிற வேகத்தில் பிறக்கும் சூடு அது. சிறு தொட்டிக்கு அவ்வளவு சூடு ஏறாது, மெதுவாக மக்கும், அவ்வளவுதான். ஆறிய பிறகு பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட் என்ற பாக்டீரியாக்களும் வேலையைத் தொடரும். மழை பெய்ததும் எழும் மண்வாசனை அப்போது தொட்டியிலேயே வரும். இரண்டுக்கும் காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரே பொருள்.

ஆனால் உணவை விளைவிக்கச் செலவான தண்ணீரையும் உரத்தையும் எந்தத் தொட்டியும் திருப்பித் தராது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் வீடுகள், உணவகங்கள், கடைகளில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில். அதனால் தொட்டிக்குள் என்ன விழுகிறது என்று பார்க்கிறேன். தோலும் காம்பும் விழட்டும். வாங்கி மறந்து அழுகிய தக்காளி விழுந்தால், அடுத்த வாரம் தக்காளி அரைக் கிலோ குறையும்.