32 பிட் இருந்தால் குரல் கிழியாது என்று யார் சொன்னது?

போன வாரம் இரண்டு பையன்கள் ஒரு ஹார்டு டிஸ்க்கோடு வந்தார்கள். விழுப்புரம் பக்கம் ஒரு மூத்த தெருக்கூத்துக் கலைஞரை ஆவணப்படத்துக்காகப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர். பேச்சுப் பகுதி அருமையாக இருந்தது. நடுவில், "கூத்துல எப்படிப் பாடுவீங்கய்யா?" என்று கேட்டதும் துரியோதனன் வேஷத்துப் பாட்டை எடுத்தார். முதல் அடியிலேயே குரல் கரகரவென்று கிழிய ஆரம்பித்துவிட்டது. நாலரை நிமிஷப் பாட்டு, முழுக்க அப்படியே.

"அண்ணா, இது 32 பிட் ஃப்ளோட்ல எடுத்தது. லெவலைக் குறைச்சா சரியாயிடும்ல?" என்றான் ஒருவன். சத்தம் அளவு மீறிப் பதிந்தாலும் பிறகு குறைத்து மீட்டுக்கொள்ள விடுகிற பதிவு முறைதான் இந்த 32 பிட் ஃப்ளோட்.

குறைத்துக் காட்டினேன். அலைவடிவம் சின்னதானது. ஆனால் அரிவாளால் சீவிய மாதிரி அதன் தலை தட்டையாகவே இருந்தது. 20 டெசிபெல் குறைத்தாலும் அதே தட்டை. இந்த வருஷத்தில் இப்படி என்னிடம் வந்த நான்காவது ஃபைல் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

32 பிட் ஃப்ளோட் நல்ல விஷயம். 2019இல் ஜூம் எஃப்6, சவுண்ட் டிவைசஸின் இரண்டாம் தலைமுறை மிக்ஸ்ப்ரீ ரெக்கார்டர்கள் எல்லாம் அதோடு வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அது காப்பாற்றுவது ரெக்கார்டருக்குள் நடப்பதை மட்டும்தான். சத்தம் வருகிற வழியைப் பாருங்கள்: வாய், மைக், வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், கேபிள், அப்புறம்தான் ரெக்கார்டர். கடைசி வாசலில் எவ்வளவு அகலமான கதவு போட்டாலும், முதல் வாசலில் அடிபட்டு வந்தவர் அடிபட்டவர்தான். இந்தப் பையன்கள் காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டரில் கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, பேச்சுக்கு ஏற்ற மாதிரி வைத்திருக்கிறார்கள். அவர் பாடியபோது சத்தம் அங்கேயே உடைந்துவிட்டது. ரெக்கார்டர் என்ன செய்யும்? உடைந்த சத்தத்தை மிகத் துல்லியமாகப் பதிந்து வைத்திருக்கிறது.

டிரான்ஸ்மிட்டரின் சிவப்பு விளக்கு கண்டிப்பாக எரிந்திருக்கும். அது அவர் இடுப்பில், வேட்டி மடிப்புக்குள் இருந்தது. யார் பார்த்திருப்பார்கள்? ஹெட்போன் மாட்டியிருந்தால் முதல் அடியிலேயே தெரிந்திருக்கும். கேட்டேன். "ரெக்கார்டர்ல மீட்டர் ஓடிச்சுண்ணா" என்றார்கள். மீட்டர் ஓடும். விசிறிச் சத்தத்துக்கும் ஓடும், பக்கத்து வீட்டு மிக்சிக்கும் ஓடும். உங்கள் காது மட்டும்தான் எது என்ன என்று சொல்லும்.

கல்யாண மண்டபத்தில் ஆடியோக்காரரின் மிக்சரிலிருந்து லைன் (மைக்கைவிடப் பலமான சிக்னல்) எடுத்து மைக் இன்புட்டில் செருகுகிறவர்களுக்கும் இதுவே. ரெக்கார்டரின் மைக் இன்புட்டுக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு. லைன் என்று மாற்றுங்கள், ஒரு பொத்தான் வேலை. தள்ளி வைத்த மைக்கில் வரும் அறை எதிரொலியையும் 32 பிட் துடைக்காது. கம்பில் மாட்டிய பூம் மைக்கை ஃபிரேமுக்கு வெளியே எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ கொண்டுபோங்கள்.

எனக்கு அதைவிட வருத்தம் வேறொன்றில். அந்த ரெக்கார்டரில் ஆறு இன்புட் இருக்கிறது. ஒன்றில்தான் மைக் இருந்தது. மூன்றடி தள்ளி ஒரு ஸ்டாண்டில் இன்னொரு மைக்கை கேபிளில் போட்டு, கெயினைக் குறைத்து இரண்டாவது ட்ராக்கில் விட்டிருந்தால் இன்று அந்தப் பாட்டு நம்மிடம் இருந்திருக்கும். மல்டிட்ராக் ரெக்கார்டர் வாங்குவதே இதற்காகத்தான். நாலு பேரைத் தனித்தனியாகப் பதிய மட்டும் இல்லை, ஒரே ஆளை இரண்டு வழியில் பதியவும்தான்.

லெவல் பார்க்கும்போது "ஹலோ, ஒன்று, இரண்டு" வேண்டாம். எல்லாரும் அதை மெதுவாகத்தான் சொல்வார்கள். "ஐயா, உச்சத்துல பாடுற ஒரு வரி மட்டும் பாடிக் காட்டுங்க" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சந்தோஷமாகப் பாடுவார்கள். 24 பிட் ரெக்கார்டர் என்றால் அந்த உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபெல்லுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். கேமராவும் ரெக்கார்டரும் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் இருக்கட்டும். கேமராவின் ஆடியோவை அணைக்காதீர்கள், படத்தோடு சத்தத்தைப் பொருத்த (சிங்க் செய்ய) அது வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு கைத்தட்டலாவது போடுங்கள். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் எடுத்தால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் கொஞ்சம் விலகும், அதனால் முடிவிலும் ஒரு தட்டு. ரெக்கார்டர் மைக்குக்குக் கொடுக்கிற பேன்டம் பவர் பேட்டரியைச் சீக்கிரம் தின்னும், பவர் பேங்க் கையில் இருக்கட்டும். கிளம்பும் முன் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி அரை நிமிஷம் வெறும் அறையைப் பதியுங்கள். எடிட்டருக்கு அது தங்கம்.

அப்புறம், தயவு செய்து, எல்லா ட்ராக்கும் கலந்த மிக்ஸ் ஃபைலை மட்டும் காப்பி செய்துவிட்டு கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள். தனித்தனி ட்ராக்குகளையும் இரண்டு இடத்தில் வைத்து, திறந்து கேட்ட பிறகு அழியுங்கள்.

அந்தப் பாட்டை மென்பொருளில் கொஞ்சம் ஒட்டுப் போட்டேன். ஃபோனில் கேட்கலாம், தியேட்டரில் கேட்க முடியாது. பையன்கள் பெரியவருக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். கூத்து சீசன் முடிந்து ஆடிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார், மறுபடி பாடுகிறாராம். என் ஸ்டாண்டு ஒன்று, ஒரு மைக், பத்து மீட்டர் கேபிள், ஒரு ஹெட்போன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர்களுக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.