சூழல்–பரிணாம ஊடாட்டம்: சொல்லும் பொருளும்

ஓர் உயிரினக் கூட்டம் தன் சூழலை மாற்றுகிறது. மாறிய சூழலில் வேறு பண்புள்ளவை பிழைத்துப் பெருகுகின்றன. அந்தப் பண்பு மறுபடி சூழலை மாற்றுகிறது. இதெல்லாம் சில தலைமுறைகளுக்குள் நடந்தால் அதற்கு ‘ஈகோ-எவல்யூஷனரி டைனமிக்ஸ்’ என்று பெயர். பரிணாமம் மிக மெதுவானது, அதனால் சூழல் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம் என்ற பழைய எண்ணம் தளர்ந்த பிறகே இச்சொல் புழக்கத்துக்கு வந்தது.

‘ஈகோ’ கிரேக்கத்தில் வீட்டைக் குறிக்கும் ‘ஓய்கோஸ்’ வழி வந்தது; 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதிலிருந்து ‘ஈகாலஜி’யை உருவாக்கினார். ‘எவல்யூஷன்’ லத்தீனில் சுருளை விரிப்பது. தமிழில் சூழலியல் நிலைத்துவிட்டது, மற்றதில்தான் சிக்கல். பரிணாமம் வடசொல், சாங்கியம் என்ற பழைய தத்துவ மரபினர் அதற்குக் காட்டும் உதாரணம் பால் தயிராவது. அங்கே ஒரே பொருள் உருமாறுகிறது. உயிரியலிலோ தனி உயிர் மாறுவதில்லை, தலைமுறைதோறும் பண்புகளின் விகிதம் மாறுகிறது. ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்று தொல்காப்பியம் பொருள் சொல்லும் ‘கூர்ப்பு’ இலங்கைப் பாடநூல்களில் வழங்குகிறது. படிமலர்ச்சியும் உண்டு. ஆனாலும் இங்கே வாசகருக்குப் பழகியது பரிணாமம்தான், அதை வைத்துக்கொள்ளலாம். ‘டைனமிக்ஸ்’க்கு இயக்கவியல் என்பதைவிட ஊடாட்டம் பொருந்தும், இருபக்கமும் தொடுவது அதில் தெரிகிறது.

காரைக்குடிப் பக்கம் கொசுப்புழுவுக்காகக் கிணற்றில் விடும் கப்பி மீனே நல்ல எடுத்துக்காட்டு. அதன் தாயகங்களில் ஒன்று டிரினிடாட் தீவு. அங்கே அருவிக்குக் கீழே பெரிய கொன்றுண்ணி மீன்கள் வாழும் ஓடைகளில் கப்பிகள் சீக்கிரம் பருவமடைந்து, சிறு குஞ்சுகளை நிறைய ஈனும். அருவிக்கு மேலே ஆபத்து குறைவு. தாமதமாகப் பருவமடைந்து, பெரிய குஞ்சுகளைக் குறைவாக ஈனும். 1976-இல் கீழ்க் கப்பிகளை ஆபத்து குறைந்த ஓடைக்கு மாற்றினார்கள். 11 ஆண்டுகளில் அவற்றின் பண்பும் மேல் கப்பியின் பக்கம் நகர்ந்திருந்தது. இது பாதிக் கதை. மறுபாதி 2010-இல் வெளியான செயற்கை ஓடைச் சோதனையில் வந்தது: கீழ்க் கப்பி சிறு பூச்சிகளை அதிகம் தின்றதால் அதன் ஓடையில் பாசி பெருகியது, மேல் கப்பி பாசியை மேய்ந்ததால் அங்கே பாசி குறைந்தது.

ஆய்வகத்தில் சுழல் இன்னும் தெளிவாகத் தெரியும். பச்சைப்பாசியையும் அதைத் தின்னும் ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கையும் ஒன்றாக வளர்த்த 2003 ஆய்வில், பாசி ஒரே மரபுவகையாக இருந்தபோது இரண்டின் ஏற்ற இறக்கமும் குறுகிய காலத்தில் சுழன்றது. பல வகை கலந்திருந்தபோது சுழற்சி நீண்டது, ஒன்று ஏற மற்றது இறங்கியது. எளிதில் செரிக்காத வகைகள் நடுவில் பெருகியதே காரணம்.

செட்டிநாட்டில் இதைச் சோதிக்க நினைத்தால், கெளிறும் விராலும் உள்ள கண்மாயிலிருந்து ஒரு கப்பிக் கூட்டம், வேறு மீனில்லாத கிணற்றிலிருந்து ஒன்று. நேராகத் தொட்டியில் விட்டால் வீண்: உணவாலும் வெப்பத்தாலும் வந்த வேறுபாடு பரம்பரை வேறுபாடுபோல் தெரியும். இரண்டையும் ஒரே தீனி, ஒரே நீரில் இரு தலைமுறை வளர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பிறகு ஒரே அளவுத் தொட்டிகளில் எண்ணிக்கையும் மொத்த எடையும் சமமாக விட வேண்டும். எண்ணிக்கை பிசகினால் கிடைப்பது கூட்டநெரிசலின் விளைவு, பண்பின் விளைவு அல்ல. மீன் இல்லாத தொட்டி ஒன்று ஒப்பீட்டுக்கு வேண்டும். ஒவ்வொன்றையும் பல தொட்டிகளில் செய்யாவிட்டால் முடிவை நம்ப முடியாது. நான்கு வாரம் கழித்து, உள்ளே தொங்கவிட்ட ஓட்டில் படிந்த பாசியைச் சுரண்டி, உலர்த்தி எடை பார்க்கலாம். கைக்கு எட்டும் ஆத்தங்குடி ஓடு இதற்கு ஆகாது, சிமெண்டின் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். சுட்ட மண் ஓடே சரி. முடிந்ததும் மீனை ஊருணியில் கொட்டக் கூடாது. கப்பி நம் நீரின் மீன் அல்ல.

இச்சொல்லைக் கண்டதற்கெல்லாம் ஒட்டுவதும் நடக்கிறது. சீமைக்கருவேலம் கண்மாயை அடைத்தால் அது சூழல் மாற்றம் மட்டுமே. கொசுப்புழு மருந்துக்கு எதிர்ப்பு பெற்றால் அது பரிணாமம். எதிர்ப்பு பெற்ற புழு அந்த நீரின் உணவுச் சங்கிலியை மாற்றி, அந்த மாற்றம் புழுவின் பண்பை மறுபடி தேர்ந்தெடுத்தது என்று காட்டினால்தான் சூழல்–பரிணாம ஊடாட்டம் என எழுதலாம்.