வெள்ளத்துக்கு இடம் கொடுத்த விவசாயிகள்

ஆற்று வடிநிலத்தை நிர்வகிப்பது நீரியல் வல்லுநர்களின் வேலையாயிற்றே, பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வெறும் சடங்குதானே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பல இடங்களில் அது சடங்காகவே முடிந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு இயற்றிய நீர்ச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வடிநிலத் திட்ட வரைவின் மீது மக்கள் எழுத்துமூலம் கருத்துச் சொல்லக் குறைந்தது 6 மாத அவகாசம் தருகிறது. கருத்தைச் சேகரிக்க அது போதும். பல தரப்பினரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று ஒரு பொதுப் புரிதலுக்கு வரும் சமூகக் கற்றல் நடப்பதற்குப் போதாது.

ஒரே ஆற்றைப் பற்றிப் பொறியாளருக்கு நீரோட்டத்தின் அளவு தெரியும். மீனவருக்கு மீன்கள் முட்டையிடும் இடம் தெரியும். விவசாயிக்கு எந்த வயலில் வெள்ளம் முதலில் ஏறும் என்பது தெரியும். இவர்கள் ஒரே வரைபடத்தைச் சுற்றி அமர்ந்து, தத்தம் அறிவை அதன்மீது குறிக்கத் தொடங்கும்போதுதான், மேற்பகுதியில் உயர்த்திய கரை, பரவ இடமில்லாத வெள்ளத்தைக் கீழ்ப்பகுதி மக்களின்மீது தள்ளிவிடுகிறது என்பது எல்லோர் கண்ணிலும் ஒருசேரப் படுகிறது. அதுவரை ‘கரையை இன்னும் எவ்வளவு உயர்த்துவது?’ என்றிருந்த கேள்வி, ‘உயர்த்தத்தான் வேண்டுமா?’ என்று மாறுகிறது. விடையைத் திருத்துவதோடு நில்லாமல் கேள்வியையே திருத்திக்கொள்ளும் இதனைக் அமைப்புகள் எப்படிக் கற்கின்றன என்பதை ஆராய்ந்த கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் இரட்டைச் சுழல் கற்றல் என்றனர். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த இடம்தான்.

நெதர்லாந்தில் 1995இல் ஆறுகள் பெருக்கெடுத்தபோது ஏறத்தாழ 2,50,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் ஆற்றுக்கு இடம்விடும் திட்டம் உருவானபோது, ஓவர்டீப்ஸ என்னும் தாழ்நிலப் பகுதியின் விவசாயிகள், எதிர்ப்போடு நின்றுவிடாமல் தாங்களே ஒரு மாற்று யோசனையை முன்வைத்தனர். ஆற்றோரக் கரையைத் தாழ்த்திப் பெருவெள்ளத்தை நிலத்துக்குள் விடலாம். வீடுகளையும் மாட்டுத் தொழுவங்களையும் மண்மேடுகளின்மீது கட்டிக்கொள்ளலாம் என்பதே அது. அதன்படி 8 மேடுகள் எழுந்தன. பெருவெள்ளத்தின்போது ஆற்றின் நீர்மட்டம் இதனால் சுமார் 27 செ.மீ. தாழும் என்பது கணக்கு. ஆனால் எல்லோருக்கும் மேட்டில் இடம் கிடைக்கவில்லை. சில குடும்பங்கள் வெளியேறத்தான் வேண்டியிருந்தது. கற்றல் இழப்பை இல்லாமல் ஆக்குவதில்லை; யார் எதை இழக்கிறார்கள் என்பதை வெளிப்படையாகப் பேசவைக்கிறது.

நீர்மட்டக் கருவிகளுக்கும் கணினி மாதிரிகளுக்கும் தாராளமாக நிதி ஒதுக்குகிறவர்கள், இத்தகைய பேச்சை நடத்திச் செல்லும் ஒருங்கிணைப்பாளருக்கு ஓரிரு ஆண்டுகளுக்குமேல் ஊதியம் தரத் தயங்குவது பெரும் பிழை என்பேன். அவர் போய்விட்டால், அடுத்து வருபவர் நம்பிக்கையை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. வரைவின் மீது கருத்துச் சொல்லும் கெடுவோ அதற்காகக் காத்திருப்பதில்லை.