நடைக்குத் திசை எதற்கு?

பக்கவாதம் வந்தவர்களுக்குக் கொடுக்கும் தமிழ்க் கையேடுகளில் 'நடைத் திசைவேகம்' என்ற சொல்லை மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டேன். களியக்காவிளையிலிருந்து கேரள எல்லை தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாங்கள் மலையாளமும் தமிழும் கலந்து எதையும் புரிந்துகொள்கிறவர்கள்தான். இது மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

விஷயம் எளிது. ஒருவர் 10 மீட்டரை எத்தனை செகண்டில் நடக்கிறார் என்று பார்த்து, 10-ஐ அந்தச் செகண்டால் வகுக்க வேண்டும். பிசியோக்கள் இதை 'கெயிட் ஸ்பீட்' என்பார்கள், சிலர் 'கெயிட் வெலாசிட்டி' என்பார்கள். 'கெயிட்' வழி, தெரு என்று பொருள்பட்ட பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. நம் நடையும் தெருப்பக்கம் போனதுதான்: கோயில் நடை திறக்கிறது, 'ரெண்டு நடை போய் வந்தேன்' என்கிறோம். 'வேகம்' வடமொழி. அவ்வளவுதான் பிறப்பு வரலாறு.

வினை 'வெலாசிட்டி'யில் இருக்கிறது. பள்ளிப் பாடநூலில் ஸ்பீட் என்றால் வேகம், வெலாசிட்டி என்றால் திசைவேகம். மொழிபெயர்த்தவர் அங்கிருந்து அப்படியே பெயர்த்து நட்டுவிட்டார். ஆங்கில டாக்டர்கள் இரண்டையும் ஒரே பொருளில் புழங்குவது அவருக்குத் தெரியவில்லை, அல்லது கேட்கவில்லை. திசைவேகம் என்றால் திசையும் கணக்கில் வர வேண்டும். வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தவரின் சராசரித் திசைவேகம் சுழியம்! ஊன்றுகோலும் வியர்வையுமாக 20 மீட்டர் நடந்தவரிடம் போய் அதைச் சொல்லுங்கள். இலங்கைப் பாடநூல்காரர்களுக்கு ஸ்பீட் கதி, வெலாசிட்டி வேகம். அவர்கள் கையேடு எழுதியிருந்தால் இந்தத் திசை வந்து ஒட்டியிருக்காது.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'நடைவிரைவு' என்கிறார். எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும், ஆனால் விரைவில் எப்போதும் ஒரு அவசரம் இருக்கிறது. பைய நடப்பவரின் 'விரைவு' என்ன என்று கேட்டால் சொல்லே அவரைக் கேலி செய்கிறது. ('பைய' எங்கள் ஊர்ப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு: 'பசையினள் பைய நகும்' என்று குறளிலேயே இருக்கிறது.) மலையாளத்திலும் இந்தச் சண்டை உண்டு. 'வேகம்' இருக்க 'வேகத' எதற்கு என்று அங்குள்ள இலக்கணக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

ஆக, நடைவேகம். போதும். ஆனால் இதிலும் ஒரு பொடி இருக்கிறது, மாமாவால்தான் எனக்கு அது தெரிந்தது. பக்கவாதத்தில் அவருக்கு ஒரு வசம், அதாவது உடம்பின் ஒரு பக்கம், தளர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 'வேகம் பார்க்கணும்' என்று யாரோ சொன்னதும் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து நடந்தார். 22 செகண்ட். பிசியோ பெண் தலையை ஆட்டினாள். "அம்மாவா, பதிவு போல நடந்தா மதி." (மாமா, எப்போதும் போல நடந்தால் போதும்.) மாமா விடவில்லை: "வேகம் பாக்கணும்னா வேகம் நடக்காண்டாமா?" உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி நடக்க விட்டாள். 32 செகண்ட்.

முதல் கணக்கு செகண்டுக்கு 0.45 மீட்டர், இரண்டாவது 0.31. 0.4-க்குக் கீழே என்றால் வீட்டுக்குள் மட்டும் நடமாடுகிறவர், 0.4-லிருந்து 0.8 வரை என்றால் வெளியே ஓரளவு போய்வரக்கூடியவர் என்று 1995-லிருந்து ஒரு வகைப்பாடு புழங்குகிறது. ஒற்றைச் சொல்லைத் தப்பாகக் கேட்டதில் மாமா வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார்! முழு வேகத்தையும் தனியாக அளப்பார்கள்தான், ஆனால் அது வேறு அளவு. அந்த வகைப்பாடு இயல்பான நடைக்கானது.

கையேடு எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது அந்த வராந்தாவில் நிற்க வேண்டும். தரையில் ஒட்டிய டேப்பைப் பார்க்க வேண்டும். கோட்டுக்கு முன்னும் பின்னும் 2 மீட்டர் விட்டிருப்பது எதற்கு என்று கேட்க வேண்டும் (புறப்படும் தயக்கமும் நிற்கும் தளர்ச்சியும் கணக்கில் சேராமலிருக்க). அதைவிட்டுப் பாடநூல் அகராதியைப் புரட்டினால் அடுத்த பதிப்பில் 'நடமாட்டச் செயலாற்றல் மதிப்பீட்டு அளவீடு' என்று வரும். மதிப்பீடு, அளவீடு இரண்டும்!

தலைப்பில் 'நடைவேகம்' என்று போடுங்கள். நோயாளிக்கான வரியில் அந்தச் சொல்லே வேண்டாம்: 'எப்போதும் வீட்டில் நடப்பது போல நடங்கள்.'