‘வாக்குரிமை இல்லாத பணம்’ என்று யாராவது சொன்னால்

“அவர்களுக்கு வாக்குரிமையே கிடையாதே, அப்புறம் என்ன பயம்?” அமெரிக்க ஊடக நிறுவனம் ஒன்றில் வாக்குரிமை இல்லாத பங்குகளுக்குப் பணம் போடும் வளைகுடா அரசு நிதியங்களைப் பற்றிய இந்தக் கேள்வி கொஞ்ச நாளாகவே என்னைத் துரத்துகிறது. வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், உறவினர்கள் கேட்டார்கள், கடைசியில் நிதி ஒப்பந்தங்களையே தொழிலாகக் கொண்ட ஓர் இளம் வழக்கறிஞரும் கேட்டுவிட்டார். நிறுவன இணைப்பு ஆவணங்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. இனி ஆளாளுக்குத் தனித்தனியாக விளக்க முடியாது என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

விஷயம் பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி என்ற இரண்டு அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனங்களின் இணைப்பு. 2025 டிசம்பரில் வார்னர் நிறுவனம் நெட்ஃப்ளிக்ஸுடன் ஒப்பந்தம் போட்ட சில நாட்களிலேயே, பாரமவுண்ட் ஸ்கைடான்ஸ் பங்குக்கு 30 டாலர் ரொக்கம் என்று நேரே வார்னர் பங்குதாரர்களிடம் போனது. கடனையும் சேர்த்தால் 10,800 கோடி டாலருக்கு மேல். 2026 பிப்ரவரியில் விலை 31 டாலராக ஏறியது, நெட்ஃப்ளிக்ஸ் ஒதுங்கிக்கொண்டது. சிபிஎஸ் செய்தியை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் பாரமவுண்ட், வார்னரிடம் இருக்கும் சிஎன்என்னையும் எச்பிஓவையும் கேட்டது.

பணம் யாருடையது? டிசம்பர் ஆவணத்தின்படி சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம், கத்தார் முதலீட்டு ஆணையம், அபுதாபியின் லிமாட் ஹோல்டிங் ஆகிய மூன்றும் சேர்ந்து சுமார் 2,400 கோடி டாலர். பாரமவுண்டைக் கட்டுப்படுத்தும் எலிசன் குடும்பம் போடுவதாகச் சொன்னது அதில் பாதிதான். மூன்று நிதியங்களும் வாக்குரிமை இல்லாத பங்குகளே போதும், இயக்குநர் குழுவில் இடம் உட்பட நிர்வாக உரிமை எதுவும் வேண்டாம் என்றன. ஆகவே வெளிநாட்டு முதலீடுகளை நாட்டுப் பாதுகாப்புக் கோணத்தில் ஆராயும் அமெரிக்கக் குழுவுக்கு, அதாவது சிஃபியஸுக்கு, இதில் வேலையில்லை என்பது பாரமவுண்டின் வாதம்.

சரி, இப்போது அந்த வாக்குரிமைக் கதைக்கு வருவோம். ஒரு நிறுவனத்தின் போக்கை மாற்ற ஓட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டுமா? அப்படி நடந்து நான் பார்த்ததே அரிது. அடுத்த சுற்றுப் பணம் யாரிடம் கேட்கப் போகிறோம் என்பது நிர்வாகிக்குத் தெரியும். இங்கே பங்கு முதலீடு போக 5,000 கோடி டாலருக்கு மேல் கடன் வேறு இருக்கிறது. அந்தக் கடன் நெருக்கும் நாளில் கைகொடுக்கக்கூடியவர் யாரோ, அவரை வருத்தப்படுத்தும் ஆவணப்படத்தை யாரும் தடை செய்ய வேண்டியதில்லை. அது திட்டக் கூட்டத்திலேயே தள்ளிப்போகும். எந்தக் காகிதத்திலும் பதிவாகாது. ‘எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை’ என்று ஆசிரியர் சத்தியம் செய்தால் அதுவும் உண்மையாகவே இருக்கும்.

வாக்கு இல்லையென்றால் செல்வாக்கும் இல்லை என்ற வாதத்தை அமெரிக்கச் சட்டமே முழுதாக ஏற்பதில்லை. ஒளிபரப்பு உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் தாய் நிறுவனத்தில் வெளிநாட்டார் பங்குக்கு 1934ஆம் ஆண்டுச் சட்டம் 25 சதவீதம் என்று கோடு போட்டிருக்கிறது. அங்கே முதலீட்டுப் பங்கு தனி, வாக்குப் பங்கு தனி. எது தாண்டினாலும் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க ஆணையமான எஃப்சிசியின் அனுமதி வேண்டும். தொலைக்காட்சி நிலையங்களை வாங்குவதற்காக ஆஸ்திரேலிய ஊடக அதிபர் ரூப்பர்ட் மர்டாக் 1985இல் அமெரிக்கக் குடியுரிமையே பெற்றார். சிஎன்என் கேபிள் சேனல், அதற்கு அந்த உரிமம் தேவையில்லை. ஆனால் சிபிஎஸ் நிலையங்களின் உரிமங்கள் பாரமவுண்டிடம் இருக்கின்றன.

பிரிட்டனையும் பாருங்கள். 2023இல் டெலிகிராப் பத்திரிகையின் உரிமையாளர் குடும்பத்தின் வங்கிக்கடனை அபுதாபி பணத்தில் இயங்கும் ரெட்பேர்ட் ஐஎம்ஐ என்ற முதலீட்டு நிறுவனம் அடைத்தது. கடனாக நுழைந்தது உரிமையாக மாற இருந்தது. அங்கேயும் அபுதாபிக்காரர்கள் ஒதுங்கியே இருப்பார்கள் என்றுதான் உறுதி சொல்லப்பட்டது. நாடாளுமன்றம் அதை நம்பி உட்காரவில்லை. வெளிநாட்டு அரசுகள் பத்திரிகைகளை வைத்திருப்பதை 2024இல் சட்டம் போட்டுத் தடுத்தது. பிறகு 15 சதவீதம் வரை தளர்த்தினார்கள். அங்கே விவாதம் நடந்தது, வரம்பு வந்தது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்தக் குடும்பத்தின் லாரி எலிசன் 4,040 கோடி டாலருக்குச் சொந்தப் பொறுப்பேற்றதும் ‘வளைகுடாப் பணமே இல்லை’ என்று சிலர் எழுதினார்கள். உத்தரவாதம் என்றால் மற்றவர் தராவிட்டால் நான் தருகிறேன் என்று பொருள். மற்றவர் வரமாட்டார் என்று பொருள் இல்லை.

‘அரபுக்காரர்கள் சிஎன்என்னை வாங்கிவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கும் சொல்கிறேன்: நிறுத்துங்கள். அது தவறு, இனவெறுப்பும்கூட. யார் எந்த ஊர்க்காரர் என்பது இங்கே கேள்வியே இல்லை, முதலீடு செய்வது ஓர் அரசு என்பதுதான் கேள்வி. சவுதி நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான். கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஜமால் கஷோக்கியைப் பிடிக்கவோ கொல்லவோ நடந்த நடவடிக்கைக்கு அவர் ஒப்புதல் தந்தார் என்பது 2021இல் வெளியான அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடு. சவுதி அதை மறுக்கிறது. அந்தக் கொலையைப் பற்றித் தொடர்ந்து கேள்வி கேட்க வேண்டிய நிறுவனத்தில்தான் அந்தப் பணம் வருகிறது.

இணைப்புச் செய்தியைப் படிக்கும்போது சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். கடன் யாருடையது, பங்கை விற்று வெளியேறும் உரிமை யாருக்கு என்று தேடுங்கள். பங்கு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அடிக்குறிப்புகளைப் படியுங்கள், தலைப்புப் பக்கத்தில் எதுவும் இருக்காது. பத்திரிகை நண்பர்களே, ‘செயலற்ற முதலீட்டாளர்’ என்று உங்கள் சொல்லாக எழுதாதீர்கள். அது நிறுவனம் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ். இளம் வழக்கறிஞர்களே, முதன்மை ஒப்பந்தத்தைப் படித்து மூடியதும் சைடு லெட்டரை, அதாவது அதற்கு வெளியே தனியாகச் செய்துகொள்ளும் உடன்பாட்டுக் கடிதத்தை, கேளுங்கள். இல்லை என்று சொன்னால், இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.