ரத்தத்தில் குளோன் தெரிந்தால் புற்றுநோய் என்று யார் சொன்னது?

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, 72 வயதிலும் காலையில் காசிமேடு வரை நடந்துபோய் மீன் வாங்கிவரும் ஒருவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், பிளட் கேன்சர்" என்றார்கள் அவருடைய பிள்ளைகள். மாஸ்டர் செக்கப்பில் வெள்ளணுக்கள் 10,800, அவற்றில் லிம்போசைட் என்னும் வகை 52 சதவீதம்; அதைத் தொடர்ந்து எடுத்த, அணுக்களை வகை பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையின் அறிக்கையில் 'மோனோகுளோனல் பி செல்கள்' என்று ஒரு வரி. அந்த வரியை இணையத்தில் தேடிய இரவிலேயே வீடு எழவு வீடாகியிருந்தது. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று இதே கலக்கத்தோடு வருவோர் கூடிக்கொண்டே போவதால் இதை எழுத நேர்கிறது.

குளோன் இருப்பது வேறு, புற்றுநோய் இருப்பது வேறு. ஒரே பி லிம்போசைட்டின் (பி செல்லின்) வழிவந்த அணுக்கள், அதாவது குளோன், ரத்தத்தில் சேர்ந்திருப்பது, எந்த நோயும் இல்லாத முதியவர்களிடமும் காணப்படும் நிலை. மேலைநாடுகளில் நுட்பமாகத் தேடிப் பார்த்தபோது, 40 வயதைக் கடந்த நலமானவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் இது இருந்தது, வயது ஏற ஏற இன்னும் கூடியது. அவ்வணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5,000க்குக் குறைவாக இருந்து, நெறிக்கட்டி, மண்ணீரல் வீக்கம் போன்றவை இல்லாவிட்டால், அதற்கு எம்.பி.எல். (மோனோகுளோனல் பி செல் லிம்போசைட்டோசிஸ்) என்று பெயர், சி.எல்.எல். (நாட்பட்ட லிம்போசைட் லுகேமியா) என்னும் ரத்தப் புற்றுநோய் அன்று. இந்தப் பெரியவருக்கு 3,200. 500க்கும் குறைவாக இருந்தால் நோயாக மாறுவது மிக அரிது. அதற்கு மேல் உள்ளவர்களிலும் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே சிகிச்சை தேவைப்படுகிறது. ஆரம்ப நிலை சி.எல்.எல்.லுக்கே தொந்தரவு இல்லாதவரை மருந்து கொடுக்காமல் கண்காணிப்பதுதான் நடைமுறை என்னும்போது, இதற்காக நகையை அடகு வைத்து பெட் ஸ்கேன் எடுப்பதையும், ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் என்று லேகியம் கொடுப்பதையும் என்னவென்று சொல்வது?

சதவீதத்தைப் பார்த்துப் பதறுவோர் தனி ரகம். மொத்த வெள்ளணு 6,000 உள்ளவருக்கு லிம்போசைட் 50 சதவீதம் என்றால் எண்ணிக்கை 3,000தான், அது இயல்பு. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு ஏறிய எண்ணிக்கை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். மறுபடி பார்த்தும் இறங்காவிட்டால்தான் ஃப்ளோ சைட்டோமெட்ரி. இயந்திரம் அச்சிட்ட எண்ணை நம்பி முடிவெடுக்குமுன், ரத்தத்துளி தடவிய ஸ்லைடை ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்தாரா என்று கேளுங்கள். (எங்கள் துறையினரும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.)

தயவுசெய்து நோயாளியிடம் மறைக்காதீர்கள். கழுத்திலும் அக்குளிலும் கட்டி தென்படுகிறதா, எடை குறைகிறதா, இரவில் உடை நனையும்படி வியர்க்கிறதா என்று கவனிக்க வேண்டியவர் அவர்தான். குளோன் அணுக்களின் எண்ணிக்கை 500க்கு மேல் இருந்தால் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை ரத்தப் பரிசோதனை போதும். எம்.பி.எல். உள்ளவர்களுக்குத் தொற்று சற்று எளிதில் வரும் என்பதைத்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. நிமோனியா தடுப்பூசியையும், ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு சளி கட்டினால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.